பஸ்தியாம்பிள்ளையின் கந்தளாய்த் திட்டம்

ஓர்ஸ் ஹில் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் எங்களுக்கெல்லாம் மேலே, பிரதம லிகிதர் பஸ்தியாம்பிள்ளை. தான் போடும் திட்டத்தில் யாருக்கும் பிழை பிடிக்க ஏலாது என்று அவரே சொல்லிக்கொள்வார். 1976 செப்டெம்பரில் கந்தளாய்க் குளத்துக்குச் சுற்றுலா என்று முடிவானதும் ஒரு மாதம் முன்பே எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தார்: தோணி, பறவை பார்க்கப் பைனாகுலர், யானைகள் தண்ணீர் குடிக்க வரும் நேரம். முதலில் குறித்தது வெள்ளிக்கிழமை. தான் வெள்ளியில் இறைச்சி தொடுவதில்லை என்று சனிக்கு மாற்றினார். சமையலை, கிண்ணியாவிலிருந்து வரும் லிகிதர் றஊப்பிடம் விட்டார்.

"ஒரு மாதம் தள்ளிப் போனா என்ன, ஐயா?" என்று றஊப் மெல்லக் கேட்டார்.

"ஒக்டோபரில மழை, யானை வராது. சமைக்கப் பஞ்சியெண்டா, உடம்பு வளையாதெண்டா நேரே சொல்லும்!"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். றஊப் சமையல் சாமான் பட்டியலை எழுதத் தொடங்கினார்.

சனிக்கிழமை, சொன்ன நேரத்துக்கே யானைகள் இறங்கின. பஸ்தியாம்பிள்ளை பெருமையோடு எங்களைத் திரும்பிப் பார்த்தார். அப்போது அடுப்படியிலிருந்து றஊப் ஒரு கரண்டி ஆட்டிறைச்சிக் குழம்போடு வந்து நின்றார்.

"உப்புப் பாத்துச் சொல்லுங்க, ஐயா. நான் நோன்பு."

பஸ்தியாம்பிள்ளைக்கு முகம் செத்துப்போயிற்று. கரண்டியை வாங்கி வாயில் வைத்தார்.

"உப்புக் காணும்" என்றார், நிலத்தைப் பார்த்தபடி.

யானை எத்தனை மணிக்குத் தண்ணீர் குடிக்கும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து மேசையில் இரண்டு வாரமாக றஊப் தேநீர் தொடாததை ஒருவரும் காணவில்லை.