மைமூன் எழுந்திருக்கவில்லை

செல்லாயிக்குக் கதை எழுத வரும் என்பது, பத்திரிகைக்காரர்கள் மேல் வந்த கோபத்தால்தான் வெளியே தெரிந்தது. எழுபத்தேழாம் வருஷம் ஞாயிறு பத்திரிகை ஒன்றில் வந்துகொண்டிருந்த தொடர்கதை, எழுதியவருக்கு உடம்பு முடியாமல் பாதியில் நின்றுபோனது. கதையில் மைமூன் என்கிற பெண்ணின் புருஷன் அந்த வாரம்தான் இறந்திருந்தான்.

"சாவு வீட்டுல நம்மள உக்கார வச்சிட்டு அந்த ஆளு போயிட்டாரு லா," என்றாள் ராக்காயி. மலேசியாவில் ஈப்போ நகரத்துத் தையல் கம்பெனி ஒன்றில் செல்லாயிக்குப் பக்கத்து மிஷின்காரி அவள். "இனி யாரு வந்து நம்மள அனுப்பி வைக்கிறது?"

"மிச்சத்த நான் எழுதுறேன்," என்றாள் செல்லாயி.

கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஆறாம் வகுப்போடு பால் வாளி தூக்கப் போனவள் அவள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது குடும்பம் ஈப்போவை ஒட்டிய சிலிபினுக்கு வந்தது. அவள் புருஷன் பத்துமலை, லாரியில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தான். எழுத யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பிடித்த பத்தியை இரண்டு தடவை படிப்பாள். பிறகு மூடி வைத்துவிட்டு, தானே எழுதிப் பார்ப்பாள். எங்கே தன் வரி தொய்கிறதோ அங்கே தையலைப் பிரிப்பதுபோலப் பிரித்து மறுபடி எழுதுவாள்.

மைமூனை வைத்து எழுதிய முதல் அத்தியாயத்தைச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தாள். பட்டன் கட்டும் சக்கீனா பாதியிலேயே சிரித்துவிட்டாள்.

"அக்கா, இவ மைமூன் இல்ல. முக்காடு போட்ட செல்லாயி. வளையல ஒடைக்கிறது உங்க ஆளுங்க. எங்கள்ல புருஷன் மவுத்தானா பொம்பள இத்தா இருக்கணும். நாலு மாசம் பத்து நாள் வாசல் எறங்கக் கூடாது. நீ என்னன்னா மூணாம் நாளே அவள பாசாருக்கு அனுப்பி மீன் வாங்க வைக்கிற. மீன்காரன் பயந்து ஓடிருவான் லா."

எல்லோரும் சிரித்தார்கள். செல்லாயியும் சிரித்தாள். ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குள் முள்ளாகத் தைத்தது.

அவள் இருந்த வரிசையிலேயே நாலாவது வீட்டில் பல்கீஸ் இத்தா இருந்தாள். சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அவள் புருஷன் நாகூர் மீரான், நெஞ்சு வலியில் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. சக்கீனா அவருக்குச் சின்னாப்பா மகள், தங்கை முறை; அவரைக் காக்கா என்றும் பல்கீஸை மச்சி என்றும் கூப்பிடுவாள்.

சனிக்கிழமை மத்தியானங்களில் செல்லாயி இட்லியோடு அங்கே போக ஆரம்பித்தாள். துக்கம் விசாரிக்கப் போனது பாதிதான் உண்மை. மீன் யார் வாங்கி வருகிறார்கள், கண்ணாடி பார்க்கலாமா, வாசலில் ஆண் குரல் கேட்டால் என்ன செய்வாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வருகிறவர்கள் எல்லோரும் பொறுமையாக இரு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இவள் மட்டும்தான் கேள்வி கேட்டாள். பல்கீஸுக்கு அது ஆறுதலாக இருந்தது.

ஒருநாள் கேட்காமலேயே சொன்னாள்.

"அவரு என்னப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லக்கா. மோதிரத்தால பலகைச் சுவத்துல ரெண்டு தட்டு. அதான் எனக்குப் பேரு. அன்னைக்கு விடியக்கால வெளி ரூமுலருந்து தட்டுனாரு. முந்தின நாளு சண்ட. முழிச்சுக்கிட்டேதான் கெடந்தேன், எந்திரிக்கல. ரெண்டாந்தரமும் தட்டுனாரு. அப்புறம் தட்டல." இட்லிப் பாத்திரத்தை மூடிவிட்டு, "எங்க ஆளுங்ககிட்ட இத சொல்ல முடியாது. நீ வெளி ஆளு, அதான்," என்றாள்.

செல்லாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் தன் வீட்டு வாசலை மிதிப்பதற்குள், அந்தத் தட்டு கதையில் எந்த இடத்தில் வரவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அடையாளம் தெரியக் கூடாது என்று மோதிரத்தை எடுத்துவிட்டு இருமலை வைத்துப் பார்த்தாள். எல்லாப் புருஷனும்தான் இருமுகிறான், பக்கம் செத்துப்போயிற்று. மறுபடி மோதிரத்தையே வைத்தாள். அந்த விடியற்காலை நடந்தது இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும், கதையைக் கேட்டு யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அதைச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்து முடித்தாள். ராக்காயி மூக்கைத் துடைத்தாள். சக்கீனாவின் சோறு அப்படியே இருந்தது.

"மீரான் காக்கா இப்பிடித்தான் தட்டுவாரு," என்றாள். "இது மச்சி சொன்னதா?"

"கதை லா," என்றாள் செல்லாயி. பதில் ஒரு மூச்சு பிந்தி வந்தது. சக்கீனாவுக்கு அது போதுமாயிருந்தது; பேச்சு மீரானின் வீடு வரை போயிற்று.

வெள்ளிக்கிழமை தோறும் கோலா கங்சாரிலிருந்து வரும் மீரானின் தாயார் அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மீரான் வீட்டார் பார்த்துக்கொண்ட கடையிலிருந்து பல்கீஸுக்கு வரும் சாப்பாட்டுக் கேரியர் நின்றது. பல்கீஸால் படி இறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்கவும் முடியாது. போகவேண்டியவள் செல்லாயிதான். அவளோ பின்சந்து வழியாக வேலைக்குப் போய்வந்தாள்.

"நேர் வழிய விட்டுட்டு சாக்கடை ஓரமா வர்றியே, அந்த நாத்தம் புடிச்சுப்போச்சா?" என்று பத்துமலை கேட்டான்.

இத்தா முடிய ஒரு வாரம் இருக்கும்போதுதான் போனாள். பல்கீஸ் கதவைத் திறந்துவிட்டு, பாயை விரித்தாள்.

"பல்கீஸ், நீ ஒண்ணுமே சொல்லல, எல்லாம் நானே கட்டிவிட்டதுன்னு சக்கீனாகிட்ட சொல்லிடுறேன்."

"வேணாங்க்கா. நீ சொன்னா நம்பிடுவாங்க. நெசம் மாதிரியே சொல்லத் தெரியும் உனக்கு. அப்புறம் மறுபடியும் நான் ஒருத்தியே அத வச்சுக்கிட்டுக் கெடக்கணும்."

செல்லாயி எழுந்திருக்கப் பார்த்தாள். பல்கீஸ் கேட்டாள்:

"உன் கதையில அந்த மைமூனு எந்திரிச்சாளா?"

"இல்ல."

"எழுதுறது நீதான? எந்திரிக்க வச்சிருக்கலாமே."

மோதிரமா இருமலா என்று அத்தனை முறை மாற்றிப் பார்த்தவளுக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. எழுந்து போயிருந்தால் கதையே இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

இத்தா முடிந்ததும் பல்கீஸ் பினாங்கிலிருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். மாமியார் வீட்டிலிருந்து வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. மைமூன் என்ன ஆனாள் என்று ராக்காயி வருஷக்கணக்கில் கேட்டாள். செல்லாயி எத்தனையோ தடவை மைமூனை எழுப்பி, கதவைத் திறக்கவைத்து எழுதினாள். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அதைப் படிக்கிற யாரும் நம்பமாட்டார்கள் என்று அவளுக்கே தெரிந்தது. யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.