ஒரே கீமாவின் குஞ்சுகள்

எண்பதுகளில் மலேசியாவின் கெடா கடலோரத்தில், கீமா எனும் ராட்சதச் சிப்பிகளை வளர்க்கும் கூடத்தில் வேலை செய்தேன். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பால் அதிகம் தரும் ஒரே மரத்தில் மொட்டுக்கண் எடுத்து, கன்றுகளில் ஒட்டுக்கட்டித் தோட்டத்தையே நிரப்புவது எங்கள் வழக்கம். அதே நினைப்பில், கடலிலிருந்து வந்த கீமாக்களில் மிகப் பெரியதன் முட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றின் முட்டைகளைக் கால்வாயில் கொட்டினேன். கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு!

ஒரு காலையில் சில குஞ்சுகள் வாய் பிளந்து செத்துக் கிடந்தன. கூடத்துக்குப் பொறுப்பாயிருந்த அக்கா தொட்டியை எட்டிப் பார்த்தார்.

“எல்லாம் ஒரே தாய் புள்ளைங்களா தம்பி? ஒண்ணுக்கு வந்த நோய் எல்லாத்துக்கும் வரும்லா.”

உயிருள்ள கீமா நிழல் பட்டால் மூடிக்கொள்ளும். தொட்டி தொட்டியாகக் கையை நீட்டிக்கொண்டே போனேன். மூடாத ஒவ்வொன்றின் முன்னும் அந்தக் கால்வாய்தான் கண்ணில் நின்றது.