பூ மார்க்கெட் சர்வர் ஏன் படுத்தது?

கோமதி மதினிக்குக் கோபம் வந்தால் அடுக்களையில் பாத்திரம் உருளும். அன்று ஒரு சத்தமும் இல்லை. அமைதியாக இருக்கும் மதினியை எந்தக் கொழுந்தன்தான் நம்புவான்?

எட்டிப் பார்த்தேன். லேப்டாப் முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சர்வர் திரும்பவும் படுத்துட்டு, தம்பி."

மதினி என் அண்ணன் மனைவி. நாற்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் படித்தவர். குழம்பு கொதிக்கிற நேரத்தில் ஒரு வீடியோ, துணி காய்கிற நேரத்தில் இன்னொன்று... இப்படியே படித்து, இப்போது எங்கள் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டின் சர்வரை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறார்.

காலையில் மல்லிக்கும் பிச்சிக்கும் விலை பேசி முடிந்ததும் அந்த சர்வர் விவசாயிகளின் போனுக்கு மெசேஜ் அனுப்பும். திருவேங்கடம் பக்கமும் வாசுதேவநல்லூர் பக்கமும் பறித்த பூவோடு பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள், அதைப் பார்த்துத்தான் எந்த ஊர் பஸ்ஸில் ஏறுவது என்று முடிவு செய்வார்கள்.

சாதாரண நாளில் சர்வர் சமர்த்து. முகூர்த்த நாள் வந்தால் போதும் — விலை எகிறுகிற அன்றைக்குப் பார்த்துப் படுத்துவிடும்!

மார்க்கெட் சங்கத் தலைவர் அண்ணாச்சி கறாராகச் சொல்லிவிட்டார். "எம்மா கோமதி, ஆவணி கடைசி முகூர்த்தத்துக்கும் இது படுத்துச்சுன்னா, மதுரையில ஒரு கம்பெனிட்ட குடுத்துருவோம். மனசுல வச்சுக்கிடாத."

"போனா போகுது மதினி, வேற வேலை பாக்கலாம்" என்றேன், ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று.

மதினி முறைத்தார். "இவ்வளவு நாளும் எல்லாருக்கும் நான் உங்க அண்ணன் பொண்டாட்டி. இப்பதான் மார்க்கெட்டுல கம்ப்யூட்டர் கோமதின்னு சொல்லுதாங்க. அது போயிரும்லா?"

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சரி, சர்வர் ஏன் படுக்கிறது? அதைக் கண்டுபிடிக்க ஒரு புரோகிராம் இருக்கிறதாம். டீமன் என்று பெயர். பின்னணியில் சத்தமில்லாமல் ஓடி, சர்வருக்கு நாடி எப்படி, மூச்சு எப்படி என்று சில விநாடிக்கு ஒருமுறை குறித்து வைக்கும். அதில் பிளகின் என்ற குட்டி புரோகிராம்களைச் சேர்த்துக்கொள்ளலாம். பிராசஸரைக் கவனிக்க ஒரு பிளகின், மெமரிக்கு ஒன்று, டிஸ்க்குக்கு ஒன்று... எல்லாப் பெயரும் ஒரு ஃபைலில் வரிசையாக இருக்கும். வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறி (#) இருந்தால் அந்தப் பிளகின் தூங்கும். குறியை எடுத்தால் எழுந்து வேலை பார்க்கும்.

"எத எடுக்க, எத விட?" என்று மதினி யோசித்தார்.

"எல்லாத்தையும் எடுத்துருங்க. சும்மாதான கிடைக்கி?" — இது நான். பந்தியில் எதையும் வேண்டாம் என்று சொல்லிப் பழகாத புத்தி.

எடுத்தார். மறுநாள், முகூர்த்தமே இல்லாத நாளில் சர்வர் மண்டையைப் போட்டது.

என்ன ஆயிற்று என்றால், ஒரு பிளகின் மெயில் சர்வரைத் தேடியிருக்கிறது. இங்கே மெயில் சர்வரே கிடையாது. இன்னொன்று இல்லாத பேட்டரியைத் தேடியிருக்கிறது. வேறொன்று இல்லாத டேட்டாபேஸை... காணோம், காணோம் என்று எல்லாமாகச் சேர்ந்து ஓயாமல் எழுதிய புலம்பலிலேயே டிஸ்க் நிறைந்துவிட்டது. விலையை எழுத இடமில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போகிற நம் கூட்டமே அவரை மூச்சு முட்ட வைப்பதில்லையா? அதே கதைதான்.

மதினி என்னை ஒன்றும் சொல்லவில்லை. காபி மட்டும் சர்க்கரை இல்லாமல் வந்தது.

பிறகு ஹேஷ் குறிகளைத் திரும்பப் போட்டார். மிச்சம் விட்டது பிராசஸர், மெமரி, டிஸ்க் மட்டும். நடுவில் ஒரு சின்ன முகூர்த்தம் வந்தது. வழக்கம்போல சர்வர் படுத்தது. கிராஃபைப் பார்த்தால், மூன்று கோடும் நிதானமாகப் போய், திடீரென்று அறுந்து நின்றன. ஒன்றிலும் ஒரு குறை இல்லை.

மதினி மறுபடி அந்த ஃபைலை உருட்டினார். டெம்பரேச்சர் என்ற வரியில் நின்றார். ஹேஷ் குறிகளைத் திரும்பப் போட்டபோது அதை அவர் வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தார். சர்வர் இருப்பது ஏசி ரூமில். மார்க்கெட்டிலேயே ஏசி உள்ள ரூம் அது ஒன்றுதான். அங்கே சூட்டை எதற்குப் பார்க்க வேண்டும்?

"போட்டுத்தான் பாப்பமே" என்று ஹேஷை எடுத்தார்.

ஆவணிக் கடைசி முகூர்த்தம். மதினிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் இரண்டு பேரும் மார்க்கெட்டுக்குப் போய்விட்டோம். வாசலில் டீ வாங்கிக் கையில் பிடித்திருந்தோம். மதினியின் கண் போனில் ஓடிய கிராஃபிலேயே இருந்தது.

"தம்பி, சூடு ஏறுது!"

டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். ஏசி ரூமைத் திறந்தால்... உள்ளே பூ மூட்டை! கல்யாண மண்டபங்களுக்குப் போக வேண்டிய மல்லியும் பிச்சியும், வாடிவிடக் கூடாதே என்று, சர்வரைச் சுற்றி அடுக்கியிருந்தார்கள். அது காற்று விடும் ஓட்டையெல்லாம் அடைத்துக் கிடந்தது. போதாதற்கு அதன் தலையில் ஓர் ஈரச் சாக்கு. அதை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தவர் வேறு யாருமில்லை, தலைவர் அண்ணாச்சியேதான்.

"ஐயோ, என்ன அண்ணாச்சி இது?"

"பெட்டி கொதிக்கும்மா, பாவம்லா? பயப்படாத, நல்லாப் பிழிஞ்சுதான் போட்டுருக்கேன்."

பூக்காரர்களுக்குத் தெரிந்த வைத்தியம் அது. எது வாடினாலும், எது சூடானாலும் ஈரச் சாக்கு. மல்லிக்குப் பலிப்பது சர்வருக்குப் பலிக்காதா? முகூர்த்தம் தவறாமல், அன்போடு, மூச்சு முட்டப் போர்த்தியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் மதினி வந்து பார்ப்பதற்குள் பூ மண்டபத்துக்குப் போயிருக்கும், சாக்கு எங்கேயாவது காய்ந்துகொண்டிருக்கும்.

மதினி கத்தவில்லை. சாக்கை எடுத்து என் கையில் கொடுத்தார். மூட்டைகளை நகர்த்தச் சொன்னார். போனை அண்ணாச்சியிடம் காட்டினார்.

"இறங்குது பாருங்க."

அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மூட்டை வெளியே போகப் போக, கோடு இறங்கிக்கொண்டே வந்தது. அவர் முகமும் மாறியது. "ஏலே, மிச்சத்தையும் வெளிய எடுங்கலே!" என்று போட்டாரே ஒரு சத்தம்!

விலை பேசி முடிந்தது. கொஞ்ச நேரத்தில் மார்க்கெட்டில் இருந்த போன்கள் ஒவ்வொன்றாக அடித்தன. மதினி ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"போயிட்டு தம்பி... மெசேஜ் போயிட்டு." சிரிக்கிறாரா, அழுகிறாரா என்றே தெரியவில்லை.

நாம் சந்தேகப்படும் இடத்தில்தான் கண்ணை வைக்கிறோம். கோளாறோ, அங்கே ஒன்றும் இருக்காது என்று ஹேஷ் போட்டு வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அன்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். உங்கள் வீட்டில் எந்த வரிக்கு ஹேஷ் போட்டிருக்கிறீர்கள்?

மதினி அன்றே இன்னொரு செட்டிங்கும் போட்டார். சூடு அளவு தாண்டினால் எச்சரிக்கை மெசேஜ் அண்ணாச்சியின் போனுக்குப் போகும்.

"எனக்கு எதுக்கும்மா?"

"மூட்டை வைக்கது நீங்கதான அண்ணாச்சி?"

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "மதுரைக்காரன் என்னை இப்படி நேருக்கு நேரா கேப்பானா? நீயே பாரும்மா. பூவுக்குன்னு தனியா ஒரு ஏசி ரூம் கட்டப் போறோம். அங்கன சூடு பாக்கதும் நீதான்."

"யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றார் மதினி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "இதுல யோசிக்க என்ன இருக்கு மதினி?"

"ஒண்ணுமில்ல. ஒரு நாளாவது அவங்க எனக்காகக் காத்துக் கிடக்கட்டுமே!"