பெங் வீட்டு வேர்

பெங் லான்ஷூவுக்குப் பொய் சொல்ல வராது. எங்கள் லேபில் அது பெரிய தலைவலி. மூலிகைச் சாறு கிருமியைக் கொல்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. கிருமி வளர்த்த தட்டில் சின்னக் குழி போட்டுச் சாறு விடுவோம். கிருமி செத்தால் குழியைச் சுற்றி வளையம் விழும்.

அவள் அண்ணன் தாஷான் பன்றி அறுப்பவன். சர்க்கரை நோயில் அவர்கள் அப்பாவின் கால் அழுகிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் வெட்டிவிடுவார்கள் என்று பயந்து, பரம்பரை மலைவேரைச் சோளச் சாராயத்தில் ஊறப்போட்டுத் தடவினான். எரிச்சலில் கிழவர் அலறவே, அதே வேரைத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரால் புண்ணைக் கழுவினான். வேர்தானே மருந்து என்பது அவன் கணக்கு.

லான்ஷூ மூன்று குழி போட்டாள். ஊறிய வேருக்கும் வெறும் சாராயத்துக்கும் ஒரே அளவு வளையம். வெந்த வேருக்கு ஒன்றுமில்லை.

அன்று அவர்கள் வீட்டில் வருஷக் கடைசிப் பன்றி அறுப்பு. ஊரே முற்றத்தில் இருந்தது; ஓசிச் சாப்பாடென்றால் நான் விடுவேனா? பன்றியின் கழுத்தில் கத்தி இறங்கி, ரத்தம் தொட்டியில் நுரைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் போனில் அந்தத் தட்டின் படத்தை அண்ணனிடம் காட்டினாள்.

"வேரு ஒண்ணத்தையும் கொல்லலண்ணே. கொன்னது சாராயம். அப்பாவ இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கு."

"ஊரக் கூட்டி வெச்சு மானத்த வாங்குறியா? தாத்தா காலத்து வேருடி. தட்டு கழுவுறவ நீ சொல்லணுமா?"

"தாத்தா எதுல செத்தாரு? அவருக்கும் காலுதான் அழுகிச்சு."

போனைப் பிடுங்கிக் கொதிக்கிற அண்டாவில் எறிந்தான். அவள் இரும்புக் கரண்டியால் அவன் வாயில் அடித்தாள், பல் தெறித்தது. அவன் கத்தியை வீசினான். அவள் கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை பிளந்துகொண்டது. ஒருவரும் அசையவில்லை. என்னையும் சேர்த்து அத்தனை பேரும் கோழைகள்.

கத்தி அவன் கையிலிருந்து விழுந்தது. உள்ளே ஓடி வேர் ஜாடியைத் தூக்கி வந்தான்.

"அது வேணாம்," என்றாள் லான்ஷூ. "வெறும் சாராயத்த ஊத்து."

ஜாடியோடு அப்படியே நின்றான். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, விருந்துக்கு வைத்திருந்த சாராயத்தை எடுத்து ஊற்றினான். அவள் அப்பாவைப் போலவே அலறினாள். அலறி முடித்து, "இப்ப அப்பாவத் தூக்கு," என்றாள். தூக்கினான்.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டினார்கள்.

"போன மாசமே வந்திருந்தா ரெண்டு விரலோட போயிருக்கும்," என்றார் டாக்டர்.

தாஷான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தங்கையின் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.