வாசல் பக்கம் சாய்ந்த சாலை

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு நான் போனபோது முன்னறையில் ஒரு கட்டில்கூட இல்லை. சாலையைப் பார்த்த பெரிய அறை, இரண்டு ஜன்னல், நல்ல காற்று. ஆனாலும் எல்லோரும் பின்கட்டில் நெருக்கியடித்துக்கொண்டுதான் படுத்தார்கள். புதுப்பெண் என்பதால் காரணம் கேட்கத் தயங்கினேன். ஒரு மதியம் வெக்கை தாங்காமல் பாயை எடுத்துக்கொண்டு போய் முன்னறையில் படுத்துவிட்டேன். கண் அசந்த நேரத்தில் மாமியார் வந்து தோளைத் தொட்டு எழுப்பினார்.

"இங்க படுக்கக் கூடாதும்மா. எந்திரி."

"ஏன் அத்தை?"

அவர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். "வண்டி உள்ள வந்துரும்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

வீடு நெரவியைத் தாண்டி வயல்களுக்கு நடுவே, காரைக்காலிலிருந்து தெற்கே நாகூருக்குப் போகும் சாலையில் இருந்தது. அந்த இடத்தில் சாலை வாய்க்காலோடு சேர்ந்து சட்டென்று மடங்கும். மடங்கும் வளைவின் வெளிப்பக்கத்தில் எங்கள் வீடு. எதிரே, உள்பக்கத்தில், என் கணவரின் அண்ணன் வீடும் அவருடைய வயலும். வயலின் மூலையில் சாலையை ஒட்டி ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக வைக்கோல் போர் நிற்கும். காரைக்காலிலிருந்து வேகமாக வரும் வண்டி வளைவில் திரும்ப முடியாமல் நேராக வந்தால், அது வந்து சேரும் இடம் எங்கள் முன்னறைதான். என் கணவர் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு லாரி வந்து சுவரில் மோதி நின்றதாம். அதற்குப் பிறகு யாரும் அங்கே படுத்ததில்லை.

கொஞ்ச நாளில் நானும் ஹார்ன் சத்தத்துக்குக் காதைப் பழக்கிக்கொண்டேன். வளைவுக்கு முன்னாலேயே ஹார்ன் அடித்தால் உள்ளூர் வண்டி. அடிக்காமல் என்ஜின் சத்தம் மட்டும் நெருங்கினால் வெளியூர் வண்டி. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகிறவர்கள், சாயங்காலமானால் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஊர் திரும்புகிறவர்கள், இப்படி யாராவது இருப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் கையிலிருக்கும் வேலை நின்றுவிடும். வண்டி வளைவைக் கடந்து சத்தம் தேய்ந்த பிறகுதான் மறுபடி கை ஓடும்.

மாமியாரிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பழைய புடவைகளையும் வேட்டிகளையும் துவைத்து மடித்து அதில் வைத்திருப்பார். கிழிந்த துணியை எதற்கு இவ்வளவு பத்திரமாக வைக்கிறார் என்று நினைத்திருக்கிறேன். நான் வந்த வருஷமே தெரிந்துகொண்டேன். ஒரு காலை நேரம் மோட்டார் சைக்கிளில் வந்த புருஷனும் பெண்டாட்டியும் எதிரே வந்த லாரியில் அடிபட்டு எங்கள் வாசலில் கிடந்தார்கள். மாமியார் உள்ளே போய் பெட்டியைத் திறந்து ஒரு வேட்டியும் ஒரு புடவையும் எடுத்து வந்து அவர்களை மூடினார். அந்தப் பெண்ணின் கால் மெட்டி மட்டும் வெளியே தெரிந்தது. நான் குனிந்து புடவையை இழுத்துவிட்டேன். பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மகள் பிறந்த பிறகு பயம் இன்னும் கூடியது. தவழ ஆரம்பித்ததும் வாசல் கதவைச் சாத்தியே வைத்தோம். சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் வீடு கட்ட ஜல்லியும் மணலும் ஏற்றிக்கொண்டு லாரிகள் ஓயாமல் ஓடத் தொடங்கின. அப்போது மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். பள்ளி வேன் எதிர்ப்பக்கம்தான் நிற்கும். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சாலை ஓரத்தில் நிற்பேன். வைக்கோல் போருக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது. காதால் கேட்டுத்தான் சாலையைக் கடப்போம். "கை வலிக்குதும்மா" என்பாள். வீட்டுக்குள் வந்து பார்த்தால் அவள் மணிக்கட்டில் என் விரல்கள் பதிந்திருக்கும்.

அந்த வளைவைச் சரிசெய்யப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட வருஷம் ஒரு பெண் பொறியாளர் வந்தார். என்னைவிட இளையவர். தொப்பியும் சுடிதாருமாக, முக்காலியில் பொருத்திய கருவியோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து வெயிலில் அளந்துகொண்டிருந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டு எங்கள் வாசலுக்கு வந்தவர், சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே சாலையைப் பார்த்தார்.

"அக்கா, மழை பேஞ்சா ரோட்டுத் தண்ணி எந்தப் பக்கம் போவுது?"

"வேற எங்க? எங்க வீட்டுக்குத்தான் வருது. வருசா வருசம் வாசல்ல மண்ணு கொட்டி மேடாக்குறோம்."

"அதாங்க்கா கோளாறு." உள்ளங்கையை விரித்துச் சாய்த்துக் காட்டினார். "திருவிழாவுல கிணத்துக்குள்ள பைக் ஓட்டுறதப் பாத்திருப்பீங்க. சுவரு சாஞ்சிருக்கறதாலதான் அவன் விழாம சுத்துறான். வளைவுல ரோடும் உள்பக்கமாச் சாஞ்சிருக்கணும். இங்க தாருக்கு மேல தாரு போட்டுப் போட்டு வெளிப்பக்கமாச் சாஞ்சு கெடக்கு. தண்ணி எங்க வருதோ, வண்டியும் அங்கதான் வரும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் திரும்பி எங்கள் முன்னறைச் சுவரைப் பார்த்தேன். அதுவரை ஓட்டுகிறவர்கள்மேல்தான் பயம். குடிகாரன், தூங்கி வழிகிறவன், அவசரக்காரன் என்று அவர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். சாலையே எல்லோரையும் எங்கள் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நல்லபடியாக ஓட்டிக்கொண்டு வருகிறவனும் எங்கள் சுவருக்கு வரலாம்.

வளைவை உள்பக்கமாக நகர்த்தி நீளமாக்க வேண்டும், அதற்கு என் கணவரின் அண்ணன் வயலில் ஒரு கீற்று வேண்டும் என்றார் பொறியாளர். அது பிறகு ஆகிற வேலை, முதலில் வைக்கோல் போரையாவது எடுத்துவிட்டால் எதிரே வருவது தெரியும் என்று சொல்ல அவர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். என் ஓரகத்தி நாற்காலி எடுத்துப் போட்டார். கணவரின் அண்ணன், வீட்டுக்குப் பெரியவர், உட்காரவில்லை.

"பாத்து ஓட்டுனா ஒண்ணும் ஆவாதுங்க. குடிச்சிட்டு வர்றவனுக்குப் போரு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"குடிக்காதவங்களுக்கும் தெரியலங்க ஐயா. பக்கத்துல வந்தப்புறந்தான் எதிர் வண்டி கண்ணுக்குப் படுது. பிரேக் புடிக்க எடமில்ல."

"எங்கப்பா காலத்துலேந்து போரு அங்கதாம்மா."

"அப்ப இதுல மாட்டு வண்டிதானே போயிருக்கும்?"

அவருக்கு முகம் கறுத்தது. "இன்னக்கிப் போரும்பீங்க, நாளைக்கி வயலும்பீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று சாயங்காலம் என் கணவர் ஆபீஸ் விட்டு வந்ததும் அண்ணனிடம் பேசச் சொன்னேன். "அவங்ககிட்ட நான் எப்படிச் சொல்றது? மூத்தவங்க" என்றார். அதற்கு மேல் அவரை நெருக்க எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு சாயங்காலம். தூறல் விட்டு விட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. நான் பின்கட்டில் அடுப்படியில் இருந்தேன். மகள் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு, "முன்ரூம்லதாம்மா வெளிச்சமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள். சோற்றை வடித்து இறக்கிவிட்டு, அவளைக் கூப்பிடலாம் என்று கையைத் துடைத்தேன்.

ஹார்ன் கேட்கவில்லை. டயர் வழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு கனமான மூட்டை ஒன்றைத் தரையில் போட்டதுபோல ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஓடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. முன்னறையில் ஒரே தூசி. சாலைப் பக்கத்துச் சுவரில் பாதி இல்லை. அந்த ஓட்டை வழியாக ஒரு வேனின் விளக்கு உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. செங்கல் குவியலுக்கு அடியில் கணக்கு நோட்டின் ஓரம் தெரிந்தது. நான் கையால் செங்கல்லைப் பிடுங்கிப் போட ஆரம்பித்தேன். அவள் பெயரைக் கூப்பிட நினைக்கிறேன், தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை. ஒவ்வொரு செங்கல்லை எடுக்கும்போதும் அடியில் என்ன இருக்குமோ என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால் மாமியார் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். கையில் தகரப் பெட்டியிலிருந்து எடுத்த புடவை. இத்தனை வருஷப் பழக்கத்தில் கால் தானாகப் பெட்டிக்குப் போயிருக்கிறது. அதைப் பார்த்ததும்தான் எனக்குச் சத்தம் வந்தது. நான் அலறியதைக் கேட்டு அவர் கையிலிருந்ததைக் குனிந்து பார்த்தார். நெருப்பைத் தொட்டவர்போலப் புடவையைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் செங்கல்லைத் தள்ளினார்.

"அம்மா" என்று வெளியிலிருந்து ஒரு குரல்.

சுவர் இருந்த இடத்தின் வழியாகப் பார்த்தேன். சாலைக்கு அந்தப் பக்கம், தூறலில், பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு என் மகள் நின்றிருந்தாள். இன்னொரு கையில் காம்பஸ் பெட்டி. நோட்டைத் தரையில் போட்டுவிட்டு, பெரியம்மா வீட்டில் அக்காவின் காம்பஸை இரவல் வாங்கச் சாலையைத் தாண்டித் தனியாக ஓடியிருக்கிறாள். நான் வேனைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். பிறகு கட்டிக்கொண்டேன். அவளுக்கு ஏன் அடி, ஏன் அழுகை என்று எதுவும் புரியவில்லை.

வேனில் வந்தவர்கள் வேளாங்கண்ணிக்குப் போகிற குடும்பம். வளைவில் திடீரென்று எதிரே பஸ்ஸைப் பார்த்ததும் டிரைவர் ஒடித்திருக்கிறார். ஈரச் சாலை வேனை எங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. குடித்தவர் இல்லை. நிதானமாகத்தான் வந்தேன் என்று வலியோடு திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்குக் கால் முறிந்திருந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. மாமியார் அந்தப் புடவையைக் கிழித்து அவர் காலைக் கட்டினார். ஆம்புலன்ஸ் வரும்வரை வேனில் வந்த பெண்கள் எங்கள் வாசல் தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் எதிர்ப்பக்கம் ஆள் சத்தம் கேட்டது. பெரியவர் இரண்டு ஆட்களோடு வைக்கோல் போரைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்வைக்கோலிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"காம்பஸ வாங்கிக்கிட்டு ரோட்டு ஓரம் வரைக்கும் போயிருச்சும்மா. பெட்டி மூடிய விட்டுட்டுப் போறாளேன்னு கூப்புட்டேன். திரும்பி வந்துச்சு. கூப்புடாம இருந்திருந்தா..."

டீ அப்படியே இருந்தது. போரை எங்கே போடுவது என்று ஆட்களுக்குச் சொல்ல நகர்ந்துவிட்டார்.

வயல் விஷயத்தில் அவர் லேசில் இறங்கி வரவில்லை. போர்வெல் இருக்கும் இடத்தைத் தொடக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். பொறியாளர் மறுபடி மறுபடி வந்து அளந்து, போர்வெல்லுக்குத் தள்ளியே கோட்டைக் கொண்டுபோனார். அறுவடை முடிந்த பிறகு வேலை ஆரம்பித்தது. அந்தக் கோடை முழுக்க எனக்கு முன்னைவிடப் பயம். பாதிச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் இரண்டு பக்கத்து வண்டிகளும் முட்டி நின்றன. முதல் நாள் பள்ளத்துக்கு முன்னால் ஒரு தடுப்புகூட இல்லை. என் கணவர் ஆபீஸிலிருந்து வரும்வரை நான் வாசலிலேயே நின்றேன். மறுநாள் பொறியாளரிடம் சொன்னேன். அவர் கான்ட்ராக்டரிடம் சண்டை போட்டு, தார் டிரம்களுக்கு வெள்ளையும் சிவப்பும் அடித்து வரிசையாக நிற்க வைத்தார்.

வளைவு அகலமானது. சாலை உள்பக்கம் சாய்ந்தது. வளைவு நெடுக அம்புக்குறி போட்ட பலகைகள் வந்தன. அந்த ஐப்பசியில் மழைத்தண்ணீர் எங்கள் வாசலுக்கு வரவில்லை. மாமியார் குடையைப் பிடித்துக்கொண்டு போய் சாலை ஓரத்தில் நின்று அதைப் பார்த்துவிட்டு வந்தார்.

ஆனால் வண்டிகளுக்குத் தைரியம் வந்துவிட்டது. முன்பு வளைவைக் கண்டு வேகத்தைக் குறைத்தவர்கள்கூட இப்போது அப்படியே பறந்தார்கள். வீட்டுக்கு வரும் ஆபத்து குறைந்தது, சாலையைக் கடக்கிறவர்களுக்குக் கூடியது. பொறியாளர் வந்தபோது இதைச் சொன்னேன்.

"தெரியும்க்கா. ரோடு நல்லா இருந்தா வேகம் கூடத்தான் செய்யும்" என்றார். பிறகு வளைவுக்கு முன்னால் சாலைக்குக் குறுக்கே தடித்த வெள்ளைக் கோடுகள் போட்டார்கள். வண்டி ஏறும்போது கடகடவென்று அதிரும். பஸ் நிறுத்தத்தையும் வளைவிலிருந்து தள்ளி நேரான இடத்துக்கு மாற்றினார்கள். கூடுதலாக நடக்க வேண்டியிருக்கிறதே என்று ஊரில் கோபம். வயதானவர்கள் என்னிடமே வந்து சத்தம் போட்டார்கள், நான்தான் மாற்றச் சொன்னேன் என்று. கேட்டுக்கொண்டேன்.

அந்தப் பொறியாளர் மாற்றலாகிப் போகுமுன் ஒருமுறை வந்து டீ குடித்தார். இனிமேல் பயமில்லையே என்று மாமியார் அவரைக் கேட்டார்.

"நான் போட்ட ரோட்டுலயே பயந்துக்கிட்டுதாம்மா ஸ்கூட்டி ஓட்டுறேன்" என்றார் அவர். "ஆபீஸ்லேந்து விடிகாலைல போன் வந்தா, எந்த வளைவுன்னுதான் முதல்ல கேப்பேன்."

ஒன்பதாவதுக்கு மகள் சைக்கிளில் போகிறேன் என்று அடம்பிடித்தாள். முதல் வாரம் முழுக்க அவளுக்குத் தெரியாமல் அவள் அப்பா டிவிஎஸ் வண்டியில் தூரமாகப் பின்னாலேயே போனார். ஒருநாள் கண்டுபிடித்துவிட்டாள். தோழிகளுக்கு முன்னால் மானம் போய்விட்டதாம், இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. அதற்குப் பிறகு தனியாகவே போனாள். அவள் கிளம்பிப் போன பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடாது. அரிசியைக் களைந்துவிட்டு, களைந்தோமா என்று மறுபடி களைவேன்.

சாயங்காலம் மணி அடித்துக்கொண்டு உள்ளே வருவாள். "பசிக்குதும்மா" என்பாள். நான் ஒன்றும் கேட்காமல் தட்டை எடுத்து வைப்பேன்.