பித்தளைப் பலகையின் பின்பக்கம்

பிள்ளைகளே, அலுமாரியில் இருக்கும் பித்தளைப் பெயர்ப்பலகையை ஏன் எறியாமல் வைத்திருக்கிறேன் என்று கேட்டீர்கள். அதைச் சொன்னால் உங்கள் பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். அதனால்தான் இவ்வளவு நாளும் சொல்லவில்லை.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் என் முதலாளியின் தையல்கடைக் கதவில் அது இருந்தது. 'வான் பிராக்' என்பது அவருடைய குடும்பப் பெயர். ஹொலண்டில் பிறந்த யூதர். கடை திறந்ததும் அதைத் துடைப்பதுதான் என் முதல் வேலை. ஒருநாள் அர்த்தம் கேட்டேன். பிராக் நகரத்திலிருந்து வந்தவன் என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்: "முந்தி எங்கட ஆக்களுக்கும் உங்கட ஆக்களைப் போல தகப்பன்ட பேர்தான் பின்னால வரும். பிறகு குடும்பப் பேர் பதியச் சொல்லிச் சட்டம் வந்தது. எங்கட பாட்டன்மாரில ஒருத்தர் விட்டுவந்த ஊரின்ர பேரைக் கொடுத்திட்டார். நான் அந்த ஊரைக் கண்ணாலயும் காணேல்லை!"

சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். உலகப்போரில் ஜேர்மன்காரர் அந்தப் பெயர்ப் பதிவேட்டைப் பார்த்தே யூதர்களை வீடு வீடாக வந்து பிடித்தார்களாம். சின்னப் பிள்ளையான அவரை ஒரு தோட்டக்காரர் தன் குடும்பப் பெயரும் புதுப் பெயரும் வைத்து ஒளித்து வளர்த்திருக்கிறார். போர் முடிந்து தாய் மட்டும் திரும்பி வந்தார். "அம்மா வாசல்ல நிண்டு என்ர பேரைக் கூப்பிட்டா. நான் திரும்பிப் பாக்கேல்லை. ஆரையோ கூப்பிடுறா எண்டு நினைச்சன்."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "உம்மட பேருக்குப் பின்னால வாற செல்வராசா ஆர்? தகப்பனோ?"

"ஓம் ஐயா" என்றேன். பொய்.

செல்வராசா, என்னைக் களவாக இங்கே அனுப்பிய ஏஜென்ட் தந்த பாஸ்போர்ட்டில் இருந்த யாரோ ஒருவரின் தகப்பன். உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, இங்கே வந்தும் அந்தப் பெயரையே பதிந்தேன். விசா, கலியாணம், உங்கள் பிறப்புப் பத்திரம் எல்லாம் அதன்மேல் ஏறிவிட்டன. என் அப்பா எனக்கு எழுதிய கடிதங்களின் உறையில், தன் மகனுடைய தகப்பன் பெயராகத் தன் கையாலேயே 'செல்வராசா' என்று எழுத வேண்டியிருந்தது. சாகும்வரை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலாளியிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. போன குளிர்காலம் அவர் செத்ததும், இத்தனை வருசம் துடைத்தவர் நீங்கள்தானே என்று அவர் மகள் பலகையை என்னிடம் தந்தார்.

நேற்று நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு அதை எடுத்துப் பளபளக்கத் துடைத்தேன். பின்பக்கம் திருப்பி, கத்தரிக்கோல் முனையால் உங்கள் அப்பப்பாவின் பெயரைக் கீறினேன்: கதிர்காமு. எழுத்துகள் கோணலாகத்தான் வந்தன. பித்தளைத் தூளை ஊதிவிட்டு, திரும்பவும் அலுமாரியில் வைத்தேன்.