உப்பளத்து வரப்பில் சத்தத்துக்குப் போட்ட கோடு

எழுத்தில் பிழை இருந்தால் மன்னிக்க வேண்டும். என் பெயர் அஞ்சலம்மா. படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். நடந்ததை முன்பின்னாகச் சொல்லிவிடுவேன். சில விஷயம் மறந்தும் போய்விட்டது. உப்பள வேலையைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் மகளிர் குழுவில் கேட்டார்கள். பாட்டு கேட்கிற மிஷினுக்குச் சத்தம் இவ்வளவுதான் இருக்கலாம் என்று சட்டம் போடலாமா, வேண்டாமா என்று அன்றைக்கு அங்கே ஒரு பேச்சு நடந்தது. எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. சுனாமி வந்ததற்கு அடுத்த கோடையில் நடந்தது.

1. வரப்பில் நடக்கிற முறை

மரக்காணத்து அளத்தில் நான் இருபது வருஷத்துக்கு மேல் கூடை தூக்கினேன். ஆண்கள் பாத்தியில் உப்பை வாரி ஓரத்தில் குவிப்பார்கள். நாங்கள் அதைக் கூடையில் அள்ளி, தலையில் சும்மாடு வைத்துத் தூக்கி, வரப்பு வழியாக மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவோம்.

வரப்பு ஒரு ஆள் நடக்கிற அகலம்தான். களிமண், வழுக்கும். அதனால் சுமையோடு வருகிறவளுக்குத்தான் வழி. வெறுங்கூடையோடு இருப்பவள் பாத்தியில் ஒரு காலை இறக்கி ஒதுங்க வேண்டும். சுமைக்காரி நேராகப் பார்த்து நடக்கலாமே என்று கேட்பீர்கள். ஈர உப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக் கண்ணில் இறங்கும். இரண்டு கையும் கூடையில் இருக்கும், துடைக்க முடியாது. பல நேரம் கண்ணை மூடிக்கொண்டே நாலைந்து எட்டு வைப்போம். அதற்காகத்தான் "சொமை! சொமை!" என்று கூப்பிட்டுக்கொண்டே வர வேண்டும் என்பது முறை.

நான் கூப்பிட மாட்டேன். கூச்சம்தான். காலடிச் சத்தத்தைக் கேட்டு மற்றவர்களே ஒதுங்கிவிடுவார்கள். அப்படியே காலம் போய்விட்டது.

2. தேன்மொழியின் செட்

எங்களோடு கூடை தூக்கிய தேன்மொழிக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் தம்பி குவைத்திலிருந்து வந்தபோது ஒரு கேசட் செட் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளங்கையில் அடங்கும். சத்தத்துக்கு ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம். அதில் ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்டிருக்கும். புடவைக்கு மேல் நாங்கள் எல்லோரும் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வேலை செய்வோம். செட் அந்தச் சட்டைப் பையில் இருக்கும். வெயிலுக்குக் காதை மூடித் துண்டு கட்டுவதால், காதில் மாட்டுகிற ஒயர் வெளியில் தெரியாது.

"பாட்டு இருந்தா கூடை கனமே தெரியலக்கா" என்பாள்.

எங்களோடு கூடை தூக்குகிற கன்னியம்மா ஒரு நாள் வாங்கி மாட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான்டீ இருக்குது!" என்று அவள் போட்ட கத்தலில் நாலு பாத்தி தள்ளி இருந்த ஆட்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள்.

3. விழுந்தது

ஒரு நாள் காலை, ஏழாவது நடையோ எட்டாவதோ. தேன்மொழி கூடையைக் கொட்டிவிட்டு வந்தவள், பாதி வரப்பில் எனக்கு முதுகைக் காட்டி நின்று துண்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் சுமையோடு பின்னால் வருகிறேன். கண்ணில் தண்ணீர் இறங்கிவிட்டது. மூடிக்கொண்டு நடந்தேன். போய் மோதினேன். அவள் பாத்தியில் கையை ஊன்றி விழுந்தாள். அவள் மேல் என் கூடை, அதன் மேல் நான்.

ஏழுமலை மேஸ்திரி ஓடி வந்து தூக்கினார். தேன்மொழியின் மணிக்கட்டு அதற்குள் வீங்கிவிட்டது. துண்டு நழுவி, ஒயர் தோளில் தொங்கியது. நின்றிருந்த அத்தனை பேருக்கும் அதிலிருந்து பாட்டு கேட்டது.

"ஏம்மா, இத்த காதுல மாட்டிக்கினுதான் வரப்புல நின்னியா? அஞ்சலம்மா கூப்ட்டது எப்டிம்மா உனக்கு கேக்கும்?" என்றார் மேஸ்திரி. "கை சரியானா வேற அளம் பாத்துக்கோ. இங்க வராத."

பருவத்தின் நடுவில் வேறு எந்த அளத்திலும் ஆள் எடுக்க மாட்டார்கள். அவள் வீட்டில் அப்போது வேலைக்குப் போனது அவள் ஒருத்திதான். அது எல்லோருக்கும் தெரியும். நான் முட்டியைக் கழுவுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். நான் கூப்பிட்டேன் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

4. மேஸ்திரியிடம் சொன்னது

மூன்றாம் நாள் டீ நேரத்தில் தேன்மொழி கையில் கட்டோடு வந்தாள். மேஸ்திரி முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் திரும்பிப் போக எழுந்துவிட்டாள். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நான் கூப்டலிங்க மேஸ்திரி."

"என்னாது?"

"நான் கூப்டலிங்க."

"சத்தமா சொல்லு அஞ்சலம்மா, காத்து அடிக்குது."

மூன்றாவது தடவை சொன்னபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கூப்ட்டிருப்பக்கா. உன் கொரலு உனக்கே கேட்டிருக்காது" என்றாள் கன்னியம்மா. சிரித்தார்கள்.

"இல்ல. வாயே தொறக்கல."

தேன்மொழி பேசாமல் இருந்திருந்தால் தப்பு முழுக்க என் மேல் வந்திருக்கும். ஆனால் அவள் சொன்னாள்: "அக்கா கூப்ட்டிருந்தாலும் எனக்கு கேட்டிருக்காது மேஸ்திரி. ஃபுல்லா வச்சிருந்தேன்."

"நல்லா இருக்குதே! ஆளாளுக்கு எம் மேலதான் தப்புன்னு சொன்னா நான் யாரத்தான் நிறுத்தறது?"

"ரெண்டு பேரையும் நிறுத்திட்டு நீயே கூடைய தூக்கு" என்றாள் கன்னியம்மா.

மேஸ்திரி தேன்மொழியிடம் கையை நீட்டி, அந்த செட்டைக் கொடு என்றார். தானே மாட்டிக்கொண்டு வரப்பில் முதுகைக் காட்டி நின்றார். என்னைப் பத்து எட்டு தள்ளிப் பின்னால் நின்று கூப்பிடச் சொன்னார். முழுச் சத்தம் வைத்தார், நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. தலை மட்டும் பாட்டுக்கு ஆடியது. பாதியாகக் குறைத்தார், கூப்பிட்டேன், திரும்பவில்லை. செட்டையே நிறுத்தினார். அப்போதும் கூப்பிட்டேன்.

"கூப்புடு அஞ்சலம்மா, எவ்ளோ நேரம் நிக்கறது?"

"கூப்ட்டேனுங்க."

"எப்போ?"

"மூணு தடவ."

கன்னியம்மா சிரித்துச் சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. "தொண்டைய தொறந்து கூப்புடு. கீழ விழுந்தா கைதான் ஒடையும், கத்துனா ஒண்ணும் ஒடையாது" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். அவர் பத்திலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார். ஆறில் கையைத் தூக்கினார்.

கன்னியம்மா, "என் கொரல வச்சி பாக்கலாமே, இன்னும் கொஞ்சம் கூட வச்சிக்கலாம்" என்றாள்.

"உன் கொரலுக்கு வச்சா பத்துலயும் கேக்கும். அஞ்சலம்மா கொரலுக்கு வைப்போம். அது கேட்டா எல்லாம் கேக்கும்."

மறுநாள் தேன்மொழி நகப்பூச்சு கொண்டுவந்தாள். சக்கரத்தில் ஆறுக்கு நேராக ஒரு சிவப்புக் கோடு போட்டோம். கை சரியானதும் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு யார் புது செட் கொண்டுவந்தாலும் முதல் நடைக்கு முன்னால் மாட்டிக்கொண்டு வரப்பில் நிற்க வேண்டும். நான் பின்னால் நின்று கூப்பிடுவேன். கேட்கிற இடத்தில் கோடு. அடுத்த வருஷத்துக்குள் ஐந்து செட்டுக்குக் கோடு போட்டேன்.

5. நான் நினைப்பது

தேன்மொழி புதுச்சேரி பஸ்ஸில் ஏறினால் கோட்டைத் தாண்டித்தான் வைப்பாள். "காது என்னுதுக்கா, அதுக்கு என்னா சட்டம்?" என்பாள். கொஞ்ச நாள் கழித்து, ராத்திரி படுத்தால் காதுக்குள் வண்டு கத்துகிறது என்றும் அவளே சொன்னாள். அதனால் செட் செய்கிற கம்பெனியிலேயே ஒரு அளவுக்கு மேல் போகாமல் செய்துவிட்டால் நல்லது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எவ்வளவு என்பதைப் படித்தவர்கள் சொல்லட்டும். கூட இருப்பவர்களில் யாருக்குக் குரல் கம்மியோ, அவர் கூப்பிட்டால் கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்த அளவு அவ்வளவுதான். ஆனால் சட்டம் போட்டுவிட்டால் போதாது. கூப்பிட வேண்டியவள் வாயைத் திறக்க வேண்டும். அதற்கு யாரும் சட்டம் போட முடியாது.

கோடு ஆறிலா ஏழிலா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. வருஷமும் சரியா என்று தெரியவில்லை. தேன்மொழி இப்போது பொம்மையார்பாளையத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். யாராவது அவளைக் கேட்டுத் திருத்திப் போடுங்கள். அவள் நல்ல மாதிரி. அக்கா அன்றைக்கு மெதுவாகக் கூப்பிட்டுத்தான் இருப்பாள் என்று சொல்வாள். அதை மட்டும் திருத்த வேண்டாம். நான் கூப்பிடவில்லை.